ஒன்பதாம் நம்பர் காடு

டிஜோவை ஏன் பிடிக்காது என்று கேட்டால் மாரீஸ்வரன் பத்துக் காரணம் சொல்வான். அதில் ஒன்பது பொய். உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான், டிஜோ நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் வெளிப்படையாகவே சண்டை பிடித்திருக்கலாம், ஸ்டாண்டில் நாலு பேராவது இவன் பக்கம் நின்றிருப்பார்கள். நல்லவனோடு எதைச் சொல்லி மல்லுக்கு நிற்பது?

சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வண்டி. காலையில் யார் முதலில் வந்து நோட்டில் பேரெழுதுகிறாரோ அவருக்கு முதல் சவாரி, அடுத்தவருக்கு அடுத்தது. பதினெட்டு வருஷமாக மாரீஸ்வரன் அந்த வரிசையை நம்பிப் பிழைத்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் டிஜோ ஒரு வெள்ளை ஜீப்போடு வந்து சேர்ந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? செல்போனைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, மேடு பள்ளத்தில் வண்டி குலுங்குவதையும் மேகம் காலடியில் போவதையும் படம் பிடித்து நெட்டில் போட்டான். அதிலிருந்து சுற்றுலாக்காரர்கள் ஸ்டாண்டில் இறங்கும்போதே, "டிஜோ உண்டோ?" என்றுதான் கேட்டார்கள்.

பேர் சொல்லிக் கேட்டு வந்தால் அந்த ஆளோடு போகலாம், வரிசை அப்படியே இருக்கும் என்று ஸ்டாண்டுத் தலைவர் சூசையப்பன் ஒரு சட்டம் போட்டார். அது டிஜோவுக்காகவே தைத்த சட்டை மாதிரி இருந்தது. முதலாவதாகப் பேரெழுதிவிட்டு, தன் கண் முன்னால் குடும்பம் குடும்பமாக வெள்ளை ஜீப்பில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்ன வேதனை என்று சூசையப்பனுக்குத் தெரியாது. அவருக்குத்தான் வண்டியே கிடையாதே. போதாக்குறைக்கு டிஜோ ஓடி வந்து, "மாரிண்ணே, நீங்க போறீகளா? நான் அவங்ககிட்ட சொல்லிப் பாக்கேன்" என்பான். சவாரி போனதைவிட அந்தக் கருணைதான் மாரீஸ்வரனுக்கு வலித்தது.

இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பான். ஒருநாள் டிஜோ ஒரு தேயிலைக் காட்டில் வண்டியை நிறுத்தி, கொழுந்தெடுக்கும் ராமுத்தாயைப் படம் பிடித்தான். ராமுத்தாய் மாரீஸ்வரனின் மனைவி, செம்பாறை எஸ்டேட்டில் கொழுந்தெடுப்பவள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னதை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். தொழிலாளர் லயத்தில் ஒரு வீடு விடாமல் அவள் அதைக் காட்டினாள். மாரீஸ்வரனும் பார்த்தான், ஒரு தடவை அல்ல, யாரும் இல்லாதபோது பதினைந்து இருபது தடவை. இருபது வருஷத்தில் தன்னிடம் அவள் அப்படிச் சிரித்து எதையாவது விளக்கியிருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தான். தான் அவளிடம் எதையாவது கேட்டிருக்கிறோமா என்று மட்டும் யோசிக்கவில்லை.

சித்திரை மாதம், சீசன் நேரம். ஒரு மத்தியானம் காத்துப்பாறையில் ஆளை இறக்கிவிட்டு மாரீஸ்வரன் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தான். காத்துப்பாறை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது, அங்கே போகும் பாதை கேரளாவிலிருந்து வருகிறது. நடுவில் இருப்பதெல்லாம் செம்பாறை எஸ்டேட். எதிரே டிஜோவின் வண்டி ஏறி வந்தது. உள்ளே பதினொரு பேர். பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே கூச்சல் போட்டன. ஏழு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. டிஜோ கையைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

மாரீஸ்வரன் வண்டியை ஓரம் கட்டினான். மலை உச்சியில் இருக்கும் தமிழ்நாட்டுச் செக்போஸ்ட்டு எஸ்.ஐ.யின் நம்பர் அவனிடம் இருந்தது. அவருடைய சொந்தக்காரர்களை ஒருமுறை காத்துப்பாறைக்குக் கூட்டிப்போனபோது வாங்கி வைத்தது. கை தானாகவே அந்த நம்பரைத் தட்டியது என்று பின்னால் பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கை எங்கே தானாகத் தட்டும்? மனசு சொல்லித்தான் தட்டியது.

காத்துப்பாறையில் போய்ப் பிடித்தால் ஆட்கள் இறங்கிக் கலைந்திருப்பார்கள். ஒன்பதாம் நம்பர் காட்டில், கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் டிஜோ எப்போதும் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பான், அங்கே போனால் ஆளும் வண்டியுமாகப் பிடிக்கலாம் என்று சொன்னான். எஸ்.ஐ. யோசித்தார். அது எங்கள் எல்லைதானா என்று கேட்டார். ஜீப்புக்காரர்களுக்கு எல்லை எங்கே என்று உறுதியாகத் தெரியாது. எல்லைக்கல் உண்ணிச்செடிக்குள் எங்கோ கிடந்தது. சிலர் கொட்டகையிலிருந்து தமிழ்நாடு என்பார்கள், சிலர் அதற்கும் அப்பால் இருக்கும் யூகலிப்டஸ் மரத்திலிருந்து என்பார்கள். ஆனால் மாரீஸ்வரனிடம் ஒரு சாட்சி இருந்தது.

"போன ஓணத்தன்னைக்கு அந்தக் காட்டுல கொழுந்து எடுத்தாக சார். நானே பாத்தேன். கேரளாப் பக்கம்னா ஓணத்துக்கு லீவுல்லா?"

எஸ்டேட்டுக்கு இரண்டு டிவிஷன். மேல் டிவிஷன் கேரளா, அங்கே ஓணத்துக்கு லீவு, பொங்கலுக்கு வேலை. கீழ் டிவிஷன் தமிழ்நாடு, அங்கே பொங்கலுக்கு லீவு, ஓணத்துக்கு வேலை. இந்தக் கணக்கு அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும், எஸ்.ஐ.க்கும் தெரியும். அவர் பைக்கை எடுத்தார்.

மாரீஸ்வரன் சொன்னது பொய்யில்லை. போன ஓணத்தன்று நோட்டில் முதல் பேர் அவனுடையது. வந்தவர்களெல்லாம் டிஜோவைக் கேட்டார்கள். எரிச்சலோடு வீட்டுக்குப் போனால், ராமுத்தாய் சோற்றுத் தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். சும்மா உட்கார்ந்து என்ன செய்ய என்று அதை எடுத்துக்கொண்டு போனான். ஒன்பதாம் காட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தால், ரோட்டுக்குத் தெரியாத பள்ளத்தில் அவளும் இன்னும் மூன்று பெண்களும் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மேல் டிவிஷனுக்கு லீவு, அதனால் கீழ் டிவிஷனுக்குக் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவனே முடிவு செய்துகொண்டான். கேட்கவில்லை. அவள் பாதிச் சோற்றை அவனுக்கு மூடியில் வைத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எஸ்.ஐ. வேலையைச் சுத்தமாகச் செய்தார். அளவுக்கு மேல் ஆள், நின்றுகொண்டு பயணம் என்று கையிலிருந்த மெஷினில் செலான் அடித்தார். மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பரிந்துரையும் எழுதிவிட்டார். மூன்று மாதம் என்றால் சீசன் முழுவதும். வண்டிக் கடனில் ஓடுகிற ஒருவனுக்கு வண்டியையே பறிப்பதுபோலத்தான். ஸ்டாண்டில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மாரீஸ்வரனும் கொட்டினான். அன்றைக்கு அவன் சாப்பிட்ட சாப்பாடு ருசியாக இருந்தது.

ருசி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. டிஜோ ஃபைன் கட்ட மாட்டேன் என்றான். வண்டி நின்ற இடம் கேரளா, அங்கே வந்து தமிழ்நாட்டுப் போலீஸ் செலான் அடிக்க அதிகாரம் இல்லை, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றான். சூசையப்பன் புத்தி சொன்னார், போலீஸைப் பகைத்துக்கொண்டு இந்த மலையில் வண்டி ஓட்ட முடியாது, கட்டிவிட்டுப் போ என்றார்.

"ஆள் கூட ஏத்துனது தப்புதான் தலைவரே, நான் இல்லன்னு சொல்லல. அதக் கேக்க வேண்டியவங்க கேக்கட்டும், தலையக் குனிஞ்சு நிக்கேன். பக்கத்து வீட்டுக்காரரு வந்து என்னை அடிக்கப்பிடாது."

இந்தப் பேச்சு ஸ்டாண்டு முழுக்கப் பரவியது. டீக்கடையில் அவனைப் பற்றித்தான் பேச்சு. மாரீஸ்வரனுக்கு நெஞ்சு காந்தியது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே பாதையில், இதே தமிழ்நாட்டுப் போலீஸ், இவனுக்கும் ஒரு செலான் கொடுத்தது. கைகட்டி நின்று, ஐயா ஐயா என்று கெஞ்சிவிட்டு அன்றைக்கே போய்க் கட்டினான். எந்த இடத்தில் நின்றோம் என்று கேட்கத் தோன்றவே இல்லை. தனக்கு வராத தைரியம் இந்தப் பயலுக்கு மட்டும் எந்தக் கடையில் கிடைத்தது? அவனை வீழ்த்தப்போய், அவனை மேடையில் ஏற்றிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

டிஜோ வில்லேஜ் ஆபீஸில் எழுதிக் கொடுத்து எல்லைப் படம் வாங்கினான். படத்தில் எல்லைக்கோடு இருந்தது, ஆனால் காட்டு நம்பர் இல்லை. செலானிலோ ஒன்பதாம் நம்பர் காடு என்று மட்டும்தான் இருந்தது. எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் ஒன்பதாம் காடு என்று எஸ்டேட் ஆபீஸ் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். இரண்டு போலீஸுக்கு நடுவில் நமக்கெதற்கு வம்பு என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார். அந்தக் காட்டில் வேலை செய்கிற யாராவது வந்து சொன்னால்தான் உண்டு.

ஒரு சாயங்காலம் மாரீஸ்வரன் வீட்டுக்குள் நுழையும்போது டிஜோ காப்பி குடித்துவிட்டு எழுந்துகொண்டிருந்தான். "மாரிண்ணே, அக்கா வாரேன்னுட்டாக" என்று சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். செலான் அடித்த அன்று ராமுத்தாய் அந்தக் கொட்டகையில்தான் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தாள், வண்டி நின்றதையும் எஸ்.ஐ. வந்ததையும் பார்த்தவள்.

அவன் போனதும் மாரீஸ்வரன் குதித்தான். ஊரான் பிள்ளைக்காகக் கோர்ட்டுப் படி ஏறுவாயா, அவனுக்கு அப்படி என்ன கடன்பட்டிருக்கிறாய், ஒரு வீடியோவில் சிரித்ததற்கா இந்த நன்றி என்றெல்லாம் கேட்டான். கடைசிக் கேள்வி வாயிலிருந்து விழுந்ததும் அவனுக்கே கேவலமாக இருந்தது. ராமுத்தாய் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்காகவும் போகல. அது எனக்குத் தெரிஞ்ச காடு. ஒம்பதாம் காடு மேல் டிவிஷன், கேரளா. தெரிஞ்சதச் சொல்லப் போறேன்."

அது எப்படிக் கேரளாவாகும், ஓணத்தன்று நீ அங்கேதானே... என்று கேட்க வாயெடுத்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஓணத்தைப் பற்றி இப்போது ஏன் கேட்கிறாய் என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வான்? எச்சிலோடு சேர்த்துக் கேள்வியை விழுங்கினான். கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு நடந்தது நடக்காமல்கூடப் போயிருக்கும்.

ஆடி மாதம் விசாரணை. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்து அடிவார ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கோர்ட்டு. டிஜோவின் வண்டியில் சூசையப்பனும் ஸ்டாண்டு ஆட்கள் நாலு பேரும் போனார்கள். ராமுத்தாயை அந்த வண்டியில் அனுப்ப மாரீஸ்வரனுக்கு மனசில்லை, தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். மனைவிக்குத் துணையாக வருகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். டிஜோ தோற்பதைப் பார்க்க வருகிறான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். வளைவுக்கு வளைவு, ஒருவேளை காடு தமிழ்நாடாகவே இருந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டே ஓட்டினான்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வில்லேஜ் ஆபீஸ் படத்தைப் பார்த்தார். டிஜோ தன் தப்பை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு இடத்தைப் பற்றிச் சொன்னான். அடுத்து ராமுத்தாய். ஒன்பதாம் காட்டில் இருபது வருஷமாக மேல் டிவிஷன் பேரேட்டில்தான் தங்களுக்கு வேலை பதிகிறது என்றாள். காட்டின் கீழ்க்கோடியில், ஓடைக்கு அந்தப் புறம் எல்லைக்கல் இருக்கிறது, உண்ணிச்செடியை வெட்டினால் தெரியும் என்றாள். படத்தில் ஓடை இருந்தது. எல்லைக்கோடு ஓடைக்கு அந்தப் புறம்தான் ஓடியது.

மாஜிஸ்திரேட் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எதை வைத்து அந்த இடத்தை உங்கள் எல்லை என்று எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். எஸ்.ஐ. நேர்மையான மனுஷன். ஒளிக்கவில்லை.

"லோக்கல்ல ஒரு ஜீப் டிரைவர் போன்ல தகவல் சொன்னார் மேடம். பேரைச் சொல்ல முடியாது. எல்லையைப் பத்திக் கேட்டேன். போன ஓணத்தன்னைக்கு அந்தக் காட்டுல கொழுந்து எடுத்ததை நேர்ல பார்த்ததாச் சொன்னார். கேரளாவா இருந்தா அன்னைக்கு லீவு. அதனால நம்பினேன்."

மாரீஸ்வரன் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பேரைச் சொல்லவில்லை, தப்பித்தோம் என்று மூச்சு விட்டான். பக்கத்தில் சூசையப்பன், எவன் அந்தப் பாவி என்று பல்லைக் கடித்தார். மாரீஸ்வரனும் தலையை ஆட்டினான்.

மாஜிஸ்திரேட் ராமுத்தாய் பக்கம் திரும்பி, ஓணத்தன்று அங்கே கொழுந்தெடுத்தது உண்மையா என்று கேட்டார்.

"எடுத்தோம்மா. நாலே பேரு. பொங்கலுக்கு எங்களுக்கு லீவு கிடையாது. சொந்த ஊருக்குப் போகணும்னு ஃபீல்டு ஆபீசர்ட்ட கெஞ்சி, ஓணத்துக்கு வேல செஞ்சு பொங்கல் லீவக் கழிச்சோம். மேனேஜருக்குத் தெரியாது. அதான் ரோட்டுல போறவுகளுக்குத் தெரியாத பள்ளத்துல எடுத்தோம்."

"அப்ப உங்களை யாரும் பார்க்கலையா?"

ராமுத்தாய் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகத் திரும்பி, பின் பெஞ்சைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கூடையில் எடை குறைந்தால் எங்கே சிந்தியது என்று வந்த வழியைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"ரோட்டுல போற யாரும் பாக்கல" என்றாள்.

அது பொய்யில்லை. அவன் ரோட்டில் போனவன் இல்லை, பள்ளத்துக்கு இறங்கி வந்தவன். மாஜிஸ்திரேட் அதற்கு மேல் கேட்கவில்லை. செலான் அடித்த இடம் இந்த மாநிலத்துக்குள் இல்லை, ஆகவே செலானும் லைசென்ஸ் பரிந்துரையும் செல்லாது என்று தீர்ப்பு எழுதினார். ஆள் ஏற்றியதற்காக டிஜோவை ஒரு பிடி பிடிக்கவும் மறக்கவில்லை.

வெளியே வந்ததும் ஸ்டாண்டு ஆட்கள் டிஜோவைத் தூக்காத குறை. டிஜோ நேரே ராமுத்தாயிடம் வந்து காலைத் தொடப்போனான், அவள் விலகிக்கொண்டாள். எல்லோரும் டிஜோ வண்டியில் ஏறி, அக்கா நம்ம வண்டிக்கு வாங்க என்று கூப்பிட்டார்கள். அவள் மாரீஸ்வரனின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கணம் அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வளைவுகள் முடியும்வரை அவனே பேசிக்கொண்டு வந்தான். மழையைப் பற்றிச் சொன்னான், ரோடு அரித்துப்போனதைப் பற்றிச் சொன்னான். செக்போஸ்ட்டைத் தாண்டி எஸ்டேட் பாதைக்குள் நுழைந்து, கொழுந்துக் கொட்டகை வந்ததும் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினான். மழை வெறித்திருந்தது. காட்டில் ஆள் இல்லை.

"பொங்கலுக்கு உங்க அக்கா ஊருக்குப் போனோம்லா" என்றாள். "அக்கா கறிக்குழம்பு வச்சாக, நீங்க மச்சானோட சேந்து சிரிச்சுக்கிட்டு இருந்தீக. அந்த லீவு எங்கருந்து வந்துச்சுன்னு ஒருநாளாவது கேட்டீகளா?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை, கை தானாக... என்று தொடங்கினான். அவள் கேட்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள்.

"யாருட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாதீக. அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சாலும் அவன் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டான்." ஒரு அடி வைத்தவள் நின்றாள். "இருவது வருசத்துல நீங்க எனக்குச் சோறு கொண்டாந்தது அந்த ஒரு நாள்தான். என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் கொண்டுபோய் போலீஸ்ட்ட சொல்லிட்டீகளே."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேயிலை வரிசைக்கு நடுவில் இறங்கி லயத்துப் பக்கம் நடந்தாள். ஜீப் போகமுடியாத வழி அது.

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. வெள்ளை ஜீப். பாட்டும் சிரிப்புமாக வந்தவர்கள் இவனைப் பார்த்ததும் அடங்கினார்கள். டிஜோ தலையை நீட்டி, "வண்டிக்கு என்னாச்சு மாரிண்ணே? கட்டி இழுக்கவா?" என்று கேட்டான். பிறகு காட்டுக்குள் போகும் ராமுத்தாயைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

அவள் தலை செடிகளுக்கு மேல் தெரிந்தது, பிறகு பள்ளத்தில் மறைந்தது. மாரீஸ்வரனுக்கு அந்த நேரத்திலும் டிஜோ மீதுதான் ஆத்திரம் வந்தது. தன்னை விட்டுவிட்டு அவள் போவதை, உலகத்தில் வேறு யாரும் பார்த்திருக்கலாம், இவன் பார்த்துவிட்டானே.